தூங்காத இரண்டு பிள்ளைகள்

போன மாதம் எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும், பெண் ஒருத்தி, பரீட்சைக்குப் படிப்பவள், என்னிடம் வந்து, "அக்கா, முழிச்சிருந்து படிக்க ஏதோ மாத்திர இருக்காமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும். இந்தத் தோட்டத்தில் என்னைவிட நன்றாக அதைத் தெரிந்தவர்கள் இல்லை. அவளை உட்கார வைத்து, சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, நடந்ததை முழுவதும் சொன்னேன். நடுவில் அவள் மூன்று தடவை சிரித்துவிட்டாள். அவள் போன பிறகு, சிரிக்கும்படியாகவா சொன்னோம், சரியாகச் சொல்லாமல் விட்டுவிட்டோமோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. பிறகு யோசித்தேன். எல்லாரும் நல்லபடியாக வீடு திரும்பிய கதைதானே, சிரித்தால் என்ன? ஆனாலும் எதையும் விட்டுவிடக் கூடாது என்று இப்போது எழுதியே வைக்கிறேன்.

எட்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது. தோட்டம் அப்போது வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில் இருந்தது. பலாங்கொடையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து மேலே வர வேண்டும். என் வீட்டுக்காரர் சிவலிங்கம் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் எனக்குப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்திருந்தார்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். கூரை உத்தரத்தில் பழைய சேலைகளால் பதினொரு தொட்டில்கள் கட்டியிருக்கும். பதினோராவது தொட்டில் என் மகன் முரளியுடையது. அப்போது அவனுக்கு நான்கு மாதம்.

அந்த வருடம் நானும் ஒரு பரீட்சை எழுதுவதாக இருந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை வேலை காலியாக இருந்தது. பகலில் பதினொரு பிள்ளைகள், மாலையில் சமையல், இரவில் முரளி. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. நான் மற்றவர்களைப் போலத் திறமையானவள் இல்லையோ, என் அம்மா ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மலைக்குக் கொழுந்தெடுக்கவும் போனாளே என்று என்னையே குறை சொல்லிக்கொண்டு இருந்தேன்.

பொங்கலுக்கு என் மதினி காமாட்சி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் ஆயாவாக இருந்தார். லீவில் வரும்போதெல்லாம் நோனா, அதாவது அந்த வீட்டுக்கார அம்மா, வேண்டாம் என்று ஒதுக்கியதை எங்களுக்குக் கொண்டுவருவார். பாதி தீர்ந்த பவுடர் டின், கைப்பிடி இல்லாத குடை, ஒரு மூலை மட்டும் கிழிந்த மேசைவிரிப்பு. அந்தத் தடவை ஒரு பெரிய மாத்திரைப் போத்தலும் இருந்தது.

"நோனா ஒடம்பு எளைக்கணும்னு டொக்டர்கிட்ட வாங்கினது. ரெண்டு நாள் போட்டுட்டு நெஞ்சு படபடங்குதுன்னு வீசப் பாத்தாங்க. வீசுற சாமானா இது? வெள்ளக்கார மருந்து. சோர்வு இருந்த எடம் தெரியாது. நீ கண்ணு முழிச்சுப் படிக்கிறியே, ஒனக்குன்னு எடுத்துட்டு வந்தேன்."

போத்தலில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். உடல் மெலிய, சோர்வு நீங்க, காலையில் ஒன்று. டொக்டர் கொடுத்தது, அச்சடித்த தாள் ஒட்டியது, மதினி ஆசையாகக் கொண்டுவந்தது. மறுக்க ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை. நோனாவின் நெஞ்சு படபடத்ததை மட்டும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பணக்காரர்களுக்கு நெஞ்சு சும்மாவே படபடக்கும் என்று நினைத்தேன்.

முதல் இரண்டு வாரங்களைப் பற்றி உண்மையாகச் சொல்ல வேண்டும். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. பிள்ளைக்காம்பராவுக்கு நானே வெள்ளையடித்தேன். பதினொரு தொட்டில் சேலைகளையும் அவித்துத் துவைத்தேன். கணக்குப் புத்தகத்தில் இருந்த அத்தனை கணக்கையும் போட்டேன். சுற்றிப் பார்க்க வந்த துரைசானி ஜன்னல் கம்பியில் விரலைத் தடவிப் பார்த்துவிட்டு, "வெரி குட்" என்றாள். கங்காணியார் மற்றப் பெண்களிடம், "படிச்ச புள்ளயப் பாருங்க, பம்பரமாச் சுத்துது" என்றார். இந்த மருந்தின் பொல்லாத குணமே இதுதான். குடித்தவனைப் பார்த்தால் ஊர் ஏசும். இதைப் போட்டவளை ஊர் புகழும். புகழ்கிற வரை எனக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு ஒன்று போதவில்லை. மத்தியானம் இன்னொன்று, சாயங்காலம் இன்னொன்று. பசி போய்விட்டது. பாவாடை நாடாவை இழுத்து இழுத்துக் கட்டினேன். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருப்பேன். தூக்கம் வரவே இல்லை, ஆனால் புத்தகத்தில் ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

முரளியும் தூங்கவில்லை. கால் கையை உதறிக்கொண்டு கண்ணை அகல விரித்து அழுவான். பால் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வான். ஓமத்தண்ணீர் கொடுத்தேன். திருஷ்டி கழித்தேன். பல் முளைக்கிறது என்றார்கள், ஈறைத் தடவிப் பார்த்தேன். நான் நல்ல தாய் இல்லை, அதனால்தான் என்று கடைசியில் முடிவு செய்து, இன்னும் சுறுசுறுப்பாக இருக்கலாம் என்று இன்னொரு மாத்திரை போட்டேன்.

இங்கே மாரியாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துக் காம்பராக்காரி, அதாவது லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. என்னைவிட ஐந்து வயது மூத்தவள், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். கடைசிப் பெண் புஷ்பம் முரளியைவிட ஒரு மாதம் சின்னவள். தாய்மார் பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆனால் மாரியாயிக்கு அப்போது மேல்மலையில் வேலை. மழை நாளில் அட்டையும் சறுக்கலுமாக இறங்கிவர நேரமாகிவிடும். பிள்ளை பசியில் கத்தும்போது பால் உள்ளவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நான் புஷ்பத்தை எடுத்து என் மாரில் போட்டுக்கொள்வேன். பத்து மணிப் பால் என்னுடையது, மற்றது அவளுடையது என்று அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் பிள்ளைக்காம்பராவின் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டேன். தொட்டில்களை எண்ணினால் ஒரு தடவை பத்து வந்தது, ஒரு தடவை பன்னிரண்டு வந்தது. யாரோ ஒரு பிள்ளையைத் திருடப்போகிறார்கள், அவர்கள் தாய்மாரைப் போலவே சேலை கட்டி வருவார்கள் என்று எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்திருந்தது. வேலை முடிந்து வந்த தாய்மார் கதவைத் தட்டினார்கள். நான் பெரிய பால் வாளியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.

மாரியாயி ஜன்னல் பக்கம் வந்தாள்.

"ஏ ராணி, கதவத் தெற."

"நீங்க யாரு?"

"நான் யாரா? நேத்து எங்கிட்ட மொளகாத்தூளு கடன் வாங்கினியே, அப்ப தெரிஞ்சுச்சா நான் யாருன்னு?"

"மாரியக்கா மாதிரியே பேசுறீங்க."

"மாதிரி என்னடி மாதிரி? எனக்கு மாரு கட்டிக்கிட்டு வலி உசுரு போகுது. இந்த வலி களவாணிக்கு வருமா? யோசிச்சுச் சொல்லு. படிச்சவதானே நீ."

அந்த நியாயம் எனக்குப் பிடிபட்டது. களவாணிக்குப் பால் கட்டாது. தாழைத் திறந்தேன். திறந்த கையோடு கீழே விழுந்தேன். நெஞ்சு அடித்த வேகத்தில் ரவிக்கை ஆடியது என்று பிறகு மாரியாயி சொன்னாள்.

தோட்டத்து மருந்துக்காரர் நாடியைப் பிடித்துப் பார்த்துக் கடிகாரத்தைப் பார்த்து, மறுபடியும் பிடித்துப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த நாள் விடிந்ததும் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போகும் லொறியில், பெட்டிகளுக்கு நடுவில் நானும் முரளியும். என் வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் தன் உடம்பால் அணைகொடுத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். புறப்படும் முன் துணி மூட்டைக்குள் அந்தப் போத்தலையும் வைத்தேன். அவ்வளவு நடந்த பிறகும் வைத்தேன்.

மலையடிவாரத்துப் பட்டணத்தில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் நீண்ட வாங்குப் பலகையில் எங்களுக்கு முன்னால் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். எனக்கு எல்லாரும் என்னையே பார்ப்பது போல் இருந்தது. பக்கத்தில் இருந்த சிங்களத்து அம்மா ஒருத்தி, "அனே, பபா அண்டனவா", ஐயோ பிள்ளை அழுகிறதே, என்று முரளியைக் கேட்காமலே எடுத்துத் தோளில் போட்டு உலாத்தத் தொடங்கினாள். வேறு நாளாக இருந்தால் கும்பிட்டிருப்பேன். அன்று அவள் கதவுப் பக்கம் போகிறாளா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை, மெதுவான குரல். கண்ணைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், கையை நீட்டச் சொல்லி விரல்கள் நடுங்குவதைப் பார்த்தார்.

"வேறை மருந்து ஏதும் குடிக்கிறனீரோ?"

"இல்லீங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எட்டு வருடங்களாக யோசிக்கிறேன். அது மருந்து என்றே நான் நினைக்கவில்லை என்று ஒரு நாள் தோன்றும். மதினியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன் என்று ஒரு நாள் தோன்றும். இரண்டும் கொஞ்சம் உண்மை. போத்தலைப் பிடுங்கிக்கொள்வார்களே என்ற பயம்தான் மீதி உண்மை.

அதனால் அவர் வேறு இடங்களில் தேட வேண்டியதாயிற்று. கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம், தைராய்டு என்று பெயர். அது அளவுக்கு மேல் வேலை செய்தாலும் உடம்பு மெலியும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. அதைச் சோதிக்க இரத்தம் எடுத்தார்கள். நெஞ்சிலும் கை காலிலும் கம்பிகளை ஒட்டி இதயம் அடிப்பதைத் தாளில் கோடாக வரையும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். என் கோடு மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டு போனது. என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்க்கப் பயம். ஆனால் என்னிடம், "நம்ம ரோட்டு மாதிரியே இருக்கு பாரு, பலாங்கொடைக்கு மேல" என்றார்.

நான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் திங்கட்கிழமை காலையிலும் கக்கூஸுக்குப் போய் மாத்திரை போட்டுக்கொண்டேன். குறைத்துக்கொண்டேன், ஒன்றுதான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

முரளியை டொக்டர் நெடுநேரம் பார்த்தார். அவன் உதறினான், வீறிட்டான், கண்ணை மூடவில்லை. மூளைக் காய்ச்சலாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். நாளைக்குக் காலை முதுகெலும்புக்கு நடுவில் ஊசி விட்டு, அங்கே இருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். மூளையைச் சுற்றி ஓடும் அதே நீர்தான் முதுகிலும் இருக்கிறதாம், அதில் கிருமி இருந்தால் தெரிந்துவிடுமாம். பிள்ளையைச் சுருட்டி அசையாமல் பிடித்துக்கொள்வார்கள் என்று நேர்ஸ் விளக்கினாள். நாங்கள் அவளை மிஸி என்று கூப்பிடுவோம். சிங்களத்துக்காரி, தமிழ் பேசுவாள். "வலி தான், அம்மே. கொஞ்ச நேரம் தான்" என்றாள். நான் அவன் முதுகைத் தடவிப் பார்த்தேன். என் கட்டைவிரல் அகலம்தான் இருந்தது.

அன்று, திங்கட்கிழமை, மத்தியானம் மாரியாயி வந்தாள். ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, புஷ்பத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பால் சுரக்கட்டும் என்று பூண்டும் சுறாக் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவந்திருந்தாள். வார்ட் முழுக்க மணத்தது.

"சாப்புடு."

"எறங்கலக்கா."

"எறங்கலன்னா ஏறவா போகுது? வாயத் தெற." ஒரு கவளம் ஊட்டிவிட்டு, தரையில் துணியை விரித்து அதில் புஷ்பத்தைக் கிடத்தினாள். "இவளப் பாரு. ஒரு மாசமா எங்க லயத்தையே தூங்கவிடாம அடிச்சா. எம் மாமியா, பேய் பாத்திருக்குன்னு கயிறு கட்டச் சொல்லுச்சு. நீ இங்க வந்து மூணு நாளாச்சா? மூணு நாளா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறா. பஸ்ஸுல கண்டக்டர் காதுக்கிட்ட கத்துறான், அசையல. ஒன்னப் பாக்காத சந்தோஷம் போல."

அவள் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் புஷ்பம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் முரளி உதறிக்கொண்டிருந்தான். இரண்டு பிள்ளைகள், இரண்டு தாய்மார், இரண்டு வீடு. ஒரே மாதத்தில் இரண்டும் தூங்காமல் போயின. ஒன்று மட்டும் இப்போது தூங்குகிறது. மூன்று நாளாக அதற்கு நின்றுபோனது என்ன? பத்து மணிப் பால். இதைவிடக் கஷ்டமான கணக்கெல்லாம் நான் புத்தகத்தில் போட்டிருக்கிறேன்.

"அக்கா, என் பால்லதான் இருக்கு," என்றேன்.

"என்னது?"

மூட்டையை அவிழ்த்துப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் என் முகத்தை வாசித்தாள். "எம் புள்ளைக்கும் இதத்தான் குடுத்தியா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். குனிந்து, தூங்கும் புஷ்பத்தின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். பிறகு எழுந்து நின்று, "நட, டொக்டர்கிட்ட. ஏசுறதெல்லாம் பெறகு ஏசிக்கிறேன். நாளைக்கு ஊசி போடப்போறாங்க இவனுக்கு" என்றாள்.

டொக்டர் போத்தலை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். நீளமான ஒரு பெயரைச் சொன்னார். மெத்தாம்ஃபெட்டமின். நான் அதை அன்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"என்னத்துக்குப் பிள்ளை முதலே சொல்லேல்லை?"

நான் அழுதேன்.

"சரி, சரி. இப்பவெண்டாலும் சொன்னீர். நாளைக்கு ஊசி வேண்டாம். பால் மாத்திப் பாப்பம். ரெண்டு நாளிலை பிள்ளை தெளியேல்லையெண்டால் பிறகு யோசிப்பம்."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் சொன்னார். உலக யுத்தத்தில் சிப்பாய்களுக்கும் விமானம் ஓட்டுகிறவர்களுக்கும் தூக்கம் வராமல் இருக்க இந்த இனத்து மாத்திரைகளைக் கொடுத்தார்களாம். யுத்தம் முடிந்த பிறகு உடம்பு இளைக்க, சோர்வு போக்க என்று மற்றவர்களுக்கும் டொக்டர்மார் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்களாம். போகப் போகத்தான் அதன் குணம் தெரிந்ததாம். உடம்பு அதற்குப் பழகிவிடும், அதே சுறுசுறுப்புக்கு மேலும் மேலும் வேண்டும். இதயம் களைக்க ஓடும், சிலருக்கு நின்றும் போகும். பசியும் தூக்கமும் போய், இல்லாததைக் கண்ணும் காதும் காணும் கேட்கும். எல்லார் மேலும் சந்தேகம் வரும். தாய் போட்டால் பாலில் இறங்கும்.

"அது பலம் தாறேல்லை, பிள்ளை. உம்மடை உடம்பிலை நாளைக்கும் நாளையிண்டைக்கும் வைச்சிருக்கிறதை இண்டைக்கே பிடுங்கி எடுக்குது."

"கொழுந்து வராத செடியில கட்ட வாத ஒடிச்ச மாதிரிங்களா?" என்று மாரியாயி கேட்டாள். அவருக்கு அது விளங்கவில்லை. அவள் கையால் செடியை வரைந்து காட்டி, தளிரை விட்டுவிட்டுக் கீழே கை வைத்தால் அடுத்த சுற்றுக்கு ஒன்றும் வராது, கங்காணி தோலை உரிப்பார் என்று விளக்கினாள். "அதுதான், அதேதான்" என்று அவர் சந்தோஷப்பட்டுப் பக்கத்து வார்ட் டொக்டரிடமும் போய் அதைச் சொன்னார்.

ஐந்து நாட்கள் நான் பால் கொடுக்கக் கூடாது. பீய்ச்சி வெளியே விட வேண்டும், இல்லாவிட்டால் வற்றிவிடும். முரளிக்கு டின் பால் கலக்க மிஸி எழுந்தபோது, மாரியாயி ஒன்றும் கேட்காமல் அவனை எடுத்து மாரில் போட்டுக்கொண்டாள். "ஒரு பக்கம் புஷ்பத்துக்கு, ஒரு பக்கம் இவனுக்கு. பத்து மணிக் கடன கொஞ்சமா வாங்கியிருக்கேன்?" அவள் புருஷனுக்கு லொறிக்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, ஐந்து நாளும் என் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டு இருந்துவிட்டாள். ஐந்து நாள் பேர் போயிற்று. என்னை ஏசுவதாகச் சொன்னதை அவள் மறக்கவில்லை. மூன்றாம் நாள் தலை சீவிவிடும்போது ஏசினாள். நன்றாகவே ஏசினாள். எனக்கு மனசு லேசாகியது.

பீய்ச்சிய பாலை மிஸி சிங்க்கில் ஊற்றப் போனாள். மாரியாயி பாய்ந்து தடுத்தாள். தாய்ப்பாலைச் சாக்கடையில் விட்டால் பால் வற்றிவிடும், மரத்தடியில்தான் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மிஸி டொக்டரைப் பார்த்தாள். டொக்டர், "ஊத்தட்டும், மரத்துக்கு ஒண்டும் செய்யாது" என்றார். மூன்று மணிக்கொரு தடவை மாரியாயி கிண்ணத்தை ஏந்திக்கொண்டு முற்றத்துப் பலாமரத்தடிக்குப் போவாள். திரும்பி வந்து, "அந்த மரம் இனிமே தூங்காது. மார்கழியிலயே காய்க்கப் போகுது பாரு" என்பாள்.

மாத்திரை நின்ற முதல் இரண்டு நாளும் நான் தூங்கினேன் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. பீய்ச்சுவதற்கு எழுப்பினால் உட்கார்ந்தபடியே தூங்கினேனாம். விழித்ததும் பசித்தது. ஆஸ்பத்திரிப் பாணும், அதாவது ரொட்டியும், பருப்பும் அவ்வளவு ருசி என்று யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரியின் பாணையும் தின்றேன். அவள் தன் வீட்டிலிருந்து வந்த, தேங்காயில் இடித்த பொல் சம்பலையும் தந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு இருட்டு வந்தது. டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். உடம்பில் ஈயத்தை ஊற்றியது போல் இருந்தது. எதற்கும் அழுகை. என் வீட்டுக்காரர் மாலை பஸ்ஸில் வந்து ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கிக் கொடுத்தபோது அந்தப் பழத்துக்காக அழுதேன். அந்த மாத்திரையில் ஒன்றே ஒன்று கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. இது வந்தவர்கள் தங்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மழை மாதிரி அது வரும், விடும்.

முரளி மூன்றாம் நாள் தூங்கினான். மாரியாயியின் மடியில், வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். ஊசி தேவையில்லை என்று டொக்டர் அவன் சீட்டில் கோடு போட்டு அடித்தார். எனக்குக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அவன் வேறொருத்தியின் பாலில் அல்லவா தூங்குகிறான்?

ஐந்தாம் நாள் மத்தியானம் மதினி வந்தார். கொழும்பிலிருந்து நேராக. தம்பி பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள் என்று மட்டும் அவருக்குத் தந்தி போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"என்னடி இப்படித் துரும்பாயிட்ட. மாத்திர தீந்துபோச்சா? அதான் பாத்தேன்." கைப்பையைத் திறந்து இன்னொரு போத்தலை எடுத்தார். "நோனாவோட தங்கச்சி வீட்டுலருந்து கேட்டு வாங்கினேன். இந்தா, மறைச்சு வையி."

என் கை தானாகவே நீண்டது. பொய் சொல்ல மாட்டேன். விரல் போத்தலில் பட்டது. மாரியாயி மரத்தடிக்குப் போயிருந்தாள். மிஸி பக்கத்தில் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மதினி கொடுத்த எதையும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. உடைந்த குடையைக்கூடக் கும்பிட்டு வாங்கியிருக்கிறேன். புருஷனின் அக்கா, பெரியவர், மனசில் கள்ளமில்லாமல் தருகிறார்.

"வேணாம் மதினி," என்றேன்.

"என்ன?"

"இதுதான் மதினி என்னயப் படுக்க வச்சது. என் புள்ளைக்கும் பால்ல போயிருச்சு. உங்க மேல தப்பில்ல. எனக்கு இது வேணும்போல இருக்கு, அதான் வேணாங்கிறேன். டொக்டர்கிட்டக் குடுத்துருங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தார். போத்தலை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பாதி பாதியா நானும் போடுறேன் ராணி," என்றார். "அஞ்சு மணிக்கு எந்திரிச்சா பத்து மணி வரைக்கும் அந்த வீட்டுல வேல. இது இல்லாம முடியல. கொஞ்ச நாளா மாடிப்படியில யாரோ பின்னாலயே வாற மாதிரி இருக்கு. வயசாகுதுன்னு நெனச்சேன்."

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அதுவரை நான் அவரைத் தொட்டுப் பேசியதுகூட இல்லை. மாரியாயி வெறும் கிண்ணத்தோடு திரும்பி வந்து எங்களைப் பார்த்துவிட்டு, "சரிதான், பக்கத்துக் கட்டில் காலியாகுதான்னு மிஸிகிட்டக் கேக்கவா?" என்றாள். மதினி அழுகையோடு சிரித்துவிட்டார். சாயங்காலம் டொக்டர் அவரையும் பார்த்தார். மதினி அந்த வீட்டு வேலையை விட்டுவிட்டார். இப்போது எங்களோடுதான் இருக்கிறார், பிள்ளைக்காம்பராவில் எனக்குப் பதில் அவர்தான். அந்தப் பரீட்சையை நான் மறு வருடம், ஒழுங்காகத் தூங்கிவிட்டு எழுதினேன்.

ஆறாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மிஸி வந்து, "இன்னைக்கு நீங்க குடுக்கலாம்" என்றாள்.

பால் இருக்குமா, இருந்தாலும் அவன் குடிப்பானா, குடித்தால் மறுபடியும் உதறுவானா? மாரியாயி முரளியை என் மடியில் வைத்துவிட்டுப் புஷ்பத்தைத் தூக்கிக்கொண்டு வேண்டுமென்றே முற்றத்துக்குப் போய்விட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி வைத்தேன், மறுபடி திருப்பினான். ஒரு துளி அவன் உதட்டில் விழுந்தது. நாக்கை நீட்டிப் பார்த்தான். யோசித்தான். பிறகு பிடித்துக்கொண்டான், பெருமூச்சு விட்டுக்கொண்டே குடித்தான், ஒரு கை என் தாலிக்கயிற்றை இறுக்கிக்கொண்டது. குடித்துக் குடித்து வேகம் குறைந்தது. கடைவாயில் பால் வழிய, கண் செருகியது.

எனக்கு உடனே பயம். மூச்சு இருக்கிறதா? விரலை மூக்கில் வைத்தேன், இருந்தது. இவ்வளவு சீக்கிரம் தூங்கலாமா? மயக்கமாக இருந்தால்? மிஸியைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்து, "அம்மே, இவங் நல்லாத் தூங்குது. நீங்களும் தூங்குங்க" என்று சொல்லி என் தோளைப் பிடித்துச் சாய்த்துவிட்டாள். வெளியே மழை தொடங்கியிருந்தது. ஐந்து நிமிடம் கண்ணை மூடலாம், பிறகு எழுந்து அவனைப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

டொக்டர் சுற்று வந்தது எனக்குத் தெரியாது. அவர் எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, எழுப்பப் போன மிஸியைக் கையால் தடுத்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாராம். விளக்கேற்றும் நேரத்தில் விழித்ததும் கட்டில் தலைமாட்டில் தொங்கிய சீட்டை எடுத்துப் பார்த்தேன். வந்த நாளிலிருந்து நாடி, அழுத்தம், எடை என்று நெருக்கி எழுதியிருந்த தாளில், அன்றைக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள்.